ஒரே மாத்திரையில் இரண்டு பிபி மருந்து: மெடிக்கல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். பிபி மாத்திரைக்குச் சீட்டை நீட்டும்போதே சந்தேகமும் கூடவே வரும். அதிலும் இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் வழக்கத்துக்கு வந்தபிறகு, ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். மருந்தைத் தொடங்குவது, கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டர் முடிவு. அவர் எழுதிக் கொடுத்ததைப் புரிந்து சாப்பிடுவதற்கு மட்டும்தான் இது.

"ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரை எழுதிட்டாங்க. அப்ப எனக்கு பிபி ரொம்ப முத்திப் போச்சா?"

அப்படி அர்த்தம் இல்லை. ரத்த அழுத்தம் ஒரே வழியில் ஏறுவதில்லை. ரத்தக் குழாய் இறுகலாம், சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கலாம், ஹார்மோன்கள் குழாயை இறுக்கச் சொல்லி உடம்பைத் தூண்டிக்கொண்டே இருக்கலாம். ஒரு மருந்து பெரும்பாலும் ஒரு வழியைத்தான் கவனிக்கும். அந்த ஒரே மருந்தின் அளவை இரண்டு மடங்காக்கினால் அழுத்தம் கொஞ்சம்தான் கூடுதலாக இறங்கும், தொந்தரவு மட்டும் நன்றாகக் கூடும். அதற்குப் பதில் வேறு வழியில் வேலை செய்யும் இன்னொரு மருந்தைச் சேர்த்தால் பலன் அதிகம். 42 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2009-ல் வெளியான கணக்குப்படி, அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்தைச் சேர்ப்பது சுமார் 5 மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைத்தது.

இதனால்தான் 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரம்பத்திலேயே இரண்டு மருந்தைக் கொடுக்கலாம், முடிந்தால் ஒரே மாத்திரையாகக் கொடுக்கலாம் என்கிறது. ஒரு மாத்திரை என்றால் மறப்பதும் குறைவு. எனவே கூட்டு மாத்திரை எழுதினார் என்பதற்காக டாக்டர் உங்களைப் பயமுறுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? 'டெல்மா'ன்னு கேட்டு வாங்குவேன், அவ்ளோதான்."

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். 'டெல்மா' என்று மட்டும் கேட்டால் என்னால் கொடுக்க முடியாது. டெல்மா 40-ல் டெல்மிசார்ட்டன் என்ற ஒரு மருந்துதான் உண்டு. ஏஎம் என்று இருந்தால் அதோடு அம்லோடிபினும் சேர்ந்திருக்கிறது. எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற நீர் மாத்திரை. ஏஎம்எச் என்றால் மூன்றும். மற்ற கம்பெனிகளில் சிடி, ஏடி என்றெல்லாம் வரும். சிடி பெரும்பாலும் குளோர்தாலிடோன், ஏடி பெரும்பாலும் அட்டெனலால். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், இந்த எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதுதான். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரும் மில்லிகிராம் அளவும்தான் உண்மையான விவரம். கண் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெயரின் வாலைப் பார்த்தே வகையைக் கண்டுபிடிக்கலாம். 'டிபின்' என்று முடிந்தால் (அம்லோடிபின், சில்னிடிபின்) ரத்தக் குழாயைத் தளர்த்தும் வகை. 'சார்ட்டன்' என்று முடிந்தால் (டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன்) குழாயை இறுக்கும் ஹார்மோனைத் தடுக்கும் வகை. அதே ஹார்மோனை வேறு இடத்தில் தடுப்பவை 'பிரில்' என்று முடியும்: எனாலாபிரில், ராமிபிரில். 'லால்' என்று முடிந்தால் (அட்டெனலால், மெட்டோப்ரோலால்) இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் வகை. கடைசியாக நீர் மாத்திரை, அதாவது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது. கீழே வரும் பதில்களில் இந்த வால் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

"காலையில போடணுமா, ராத்திரியா? சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

பெரும்பாலான கூட்டு மாத்திரைகளுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. காலையா இரவா என்பதை பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும். நீர் மாத்திரை சேர்ந்திருந்தால் மட்டும் காலையில் போடுவது நல்லது, இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் கெடும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவர்கள், எந்த ஷிஃப்டிலும் விழித்திருக்கிற ஒரு கடிகார நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் 5 மணி என்றால் எல்லா வாரமும் 5 மணிதான்.

"நேத்து மறந்துட்டேன். இன்னைக்கு ரெண்டா சேர்த்துப் போட்டுடவா?"

வேண்டாம். அன்றைக்குள் ஞாபகம் வந்தால் அப்போதே போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள். அம்லோடிபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் என்பதால், ஒரு நாள் தவறினால் உடனே ஆபத்து வந்துவிடாது. இரண்டாகப் போட்டுத் தலைசுற்றி விழுவதுதான் ஆபத்து.

"நாலு நாளா சாப்பிடறேன், ஒண்ணும் குறையலையே. மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமா?"

நாலு நாள் போதாது. அம்லோடிபினின் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமும், சார்ட்டனுக்கு 2 முதல் 4 வாரமும் ஆகும். இடையில் டாக்டரை மாற்றினால், புது டாக்டர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார், பழையதும் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கும். பிறகு தலைசுற்றல் என்று கடைக்கு வருவீர்கள்.

"ஒவ்வொரு தடவையும் மெஷின் வேற வேற நம்பர் காட்டுது. எதை நம்பறது?"

பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இறங்கியதும் ஒரு டீ, அப்புறம் நேராக மெஷினுக்குக் கை நீட்டினால் அது கூட்டித்தான் காட்டும். டீ, காபி, பீடி, வேகமான நடை எல்லாம் முடிந்து அரை மணி ஆக வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றுங்கள். அளக்கும்போது பேச வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் 140/90-க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. வீட்டில் அளந்தால் அதற்குச் சமம் 135/85. சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் டாக்டர் இன்னும் கீழே, 130 பக்கம் கொண்டுவரச் சொல்லலாம். ஒரு தடவை கூடிக் காட்டிய எண்ணை நம்பி மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"இப்ப 120/80 நார்மல் ஆயிடுச்சு. இனிமே எதுக்கு மாத்திரை?"

நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே போய்விடும், அதுவும் எந்த அறிகுறியும் இல்லாமல். உடம்பு நன்றாக இளைத்து, உப்பும் மதுவும் குறைந்தபிறகு டாக்டர் மருந்தைக் குறைத்துப் பார்ப்பது உண்டு. அது அவர் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

உங்கள் மாத்திரையில் 'லால்' இருந்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது. துடிப்பு எகிறும், இதய நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியே வரலாம். தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

"கணுக்கால் வீங்குது. கிட்னி பிரச்சனையா?"

முதலில் அட்டையைப் பாருங்கள். அம்லோடிபின் இருந்தால், குறிப்பாக 10 மி.கி. இருந்தால், இந்த வீக்கம் அதனால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். குழாய் தளர்வதால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. சார்ட்டன் சேர்ந்த கூட்டு மாத்திரையில் இந்த வீக்கம் குறைவாக இருக்கும். கூட்டு மாத்திரை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்தான். அம்லோடிபினால் சிலருக்கு ஈறும் தடிக்கும், பல் டாக்டரிடம் போனால் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, முகமும் சேர்ந்து ஊதினாலோ காரணம் வேறாக இருக்கலாம். காத்திருக்காமல் காட்டுங்கள்.

"வறட்டு இருமல் நிக்கவே மாட்டேங்குது. சிரப் குடுங்க."

சிரப் எடுப்பதற்கு முன் நான் கேட்பது: எனாலாபிரில் சாப்பிடுகிறீர்களா? 'பிரில்' வகையின் பேர்போன தொந்தரவு இந்த இருமல். சிரப்பால் போகாது. டாக்டர் சார்ட்டனுக்கு மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அன்றைக்கே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

"வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரை தராங்க, வெளி டாக்டர் ஒரு மாத்திரை எழுதறாரு. ரெண்டையும் சாப்பிடலாமா?"

நம் பகுதியில் இது நிறைய நடக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். தன்னார்வலர் அம்மா வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை தருகிறார். நல்ல திட்டம். ஆனால் அவர் தந்ததில் அம்லோடிபின் தனியாக இருக்கும், நீங்கள் தர்மபுரியில் வாங்கிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அம்லோடிபின் இருக்கும். இரண்டையும் போட்டால் ஒரே மருந்து இரட்டை அளவு. இன்னொரு சிக்கல், ஒரு பக்கம் எனாலாபிரில், மறுபக்கம் டெல்மிசார்ட்டன். பிரிலையும் சார்ட்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2008-ல் வெளியானது. கூடுதல் நன்மை இல்லை, சிறுநீரகத் தொந்தரவுதான் கூடியது.

தனித்தனி மாத்திரையாகச் சாப்பிட்டாலும் ஒன்றாகச் சாப்பிட்டாலும் மருந்தும் அளவும் ஒன்றானால் பலன் ஒன்றே. எந்தப் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். எங்கே போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசுதான் பிரச்சனை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையம், மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகிய இடங்களில் அதே மருந்துப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

"பாதியா உடைச்சுப் போடலாமா? ஒரு வாரத்துக்கு டப்பால பிரிச்சு வெச்சுக்கலாமா?"

நடுவில் கோடு இல்லாத கூட்டு மாத்திரையை உடைக்காதீர்கள். பலவற்றில் இரண்டு மருந்தும் இரண்டு அடுக்காக இருக்கும், கோணலாக உடைந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். டெல்மிசார்ட்டனுக்கு ஈரம் ஆகாது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். அதனால் டப்பாவில் பிரித்துக் கொட்டாமல், அட்டையோடு துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் வைக்கலாம்.

"மூட்டு வலிக்கு ஒரு ஊசி போட்டா நல்லா இருக்கு. பிபி மாத்திரையோட அதுவும் சரிதானே?"

சரியில்லை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வருவதற்கு முன் பல காலம் போர்வெல் தண்ணீரையே குடித்த பெரியவர்களில், மூட்டும் முதுகும் பிடித்துப்போனவர்கள் உண்டு. வலி பொய்யில்லை. ஆனால் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் உடம்பில் உப்பைத் தேக்கிப் பிபியை ஏற்றும், பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

சார்ட்டன் அல்லது பிரில், கூடவே நீர் மாத்திரை, அதன்மேல் வலி ஊசி: இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து உண்டு. வெயிலில் வேலை செய்து தண்ணீர் வற்றிய உடம்பில் இன்னும் மோசம். பாரசிட்டமால் அளவோடு போடலாம், மேலே தடவும் மருந்து, ஒத்தடம் இவற்றைப் பாருங்கள். ஊசி போடும் இடத்தில் "பிபி மாத்திரை சாப்பிடறேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று இருக்காதீர்கள்.

"களி சாப்பிட்டா பிபி ஏறுமா? உப்புக்குப் பதிலா அந்த லோ சோடியம் உப்பு வாங்கலாமா?"

ராகிக் களி ஒன்றும் செய்யாது. களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும்தான் ஏற்றும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் காலத்தில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடுவதையும் கணக்கில் சேருங்கள். ஒரு நாளைக்கு எல்லாமாகச் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாக உப்பு இருக்க வேண்டும்.

லோ சோடியம் உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் சார்ட்டனும் பிரிலும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும் மருந்துகள். அவற்றோடு சிறுநீரகமும் பழுதாக இருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். அப்படிப்பட்டவர்களுக்கு இளநீரும் அளவோடுதான். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இதை நான் சொல்ல முடியாது, டாக்டரிடம் கேளுங்கள்.

"வாந்தி பேதி. மாத்திரையை விடாம சாப்பிடணுமா?"

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரை, சார்ட்டன், பிரில் மூன்றும் சிறுநீரகத்தைக் கஷ்டப்படுத்தும். டாக்டரிடம் போனில் கேட்டு ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைக்கலாம், சாதாரணமாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். 'லால்' மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது, காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

"இந்த மாத்திரையே கிட்னியைக் காலி பண்ணிடும்னு சொல்றாங்களே?"

கட்டுப்படாத பிபிதான் கிட்னியைக் காலி பண்ணும். சர்க்கரையும் பிபியும் சேர்ந்து, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு சார்ட்டனும் பிரிலும் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றன. தொடங்கிய புதிதில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, சற்று ஏறும். பழைய அளவைவிட 30 சதவீதம் வரை ஏறினால் டாக்டர்கள் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். அதற்கு மேல் போகிறதா என்று பார்க்கத்தான் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

"அப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. மாத்திரை மாத்துனதுல இருந்து குழம்பிப் பேசறாரு. வயசான கோளாறுதானே?"

இருக்கலாம். ஆனால் நீர் மாத்திரை புதிதாகச் சேர்ந்திருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. வயதானவர்களுக்கு அது குழப்பம், சோர்வு, தள்ளாட்டமாகத் தெரியும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

"நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடறேன். அது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

பண்ணும். சர்ப்பகந்தா வேரில் உள்ள ரெசர்பின் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பிபி மருந்தாகவே இருந்தது. உங்கள் மாத்திரையோடு அது சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். அதிமதுரம் இதற்கு நேர்மாறு: தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் பிபியை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். தொண்டைக்கென்று வாங்கும் சூரணங்களில் அது இருக்கும். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு பக்க வைத்தியருக்கும் தெரியட்டும்.

"என் பொண்ணுக்கு முப்பது வயசுலயே பிபி. அடுத்த குழந்தைக்குப் பார்க்கறாங்க. மாத்திரையைத் தொடரலாமா?"

சார்ட்டனும் பிரிலும் கர்ப்பத்தில் கூடவே கூடாது, சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாற்றிக் கொடுப்பார். நாள் தள்ளிப்போயிருந்தால் அன்றே போய்க் கேளுங்கள், நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டாம்.

"மெஷின்ல 190 காட்டுது. நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை குடுங்க."

நிஃபெடிபினை உடைத்து நாக்கின் அடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அழுத்தம் சடாரென்று இறங்கி, அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் கைவிட்டார்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் 5 நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளங்கள், அன்றைய மாத்திரை விட்டுப்போயிருந்தால் போடுங்கள். மறுபடியும் 180-க்கு மேலேயே நின்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வைக் குறைவு: இதில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ கீழே இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

"(மெதுவாக) மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து வீட்ல... அது சரியில்ல. நிறுத்திப் பார்க்கட்டுமா?"

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இதைக் கேட்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிபியே குழாய்களைக் கெடுத்து இந்தச் சிக்கலைக் கொண்டுவரும், சர்க்கரையும் புகையும் கூட்டும். மருந்துகளில் நீர் மாத்திரை, அட்டெனலால் போன்ற சில 'லால்' மருந்துகள் மேல் சந்தேகம் அதிகம், சார்ட்டன் மேல் குறைவு. டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் மாற்றிக் கொடுக்க வழியிருக்கிறது.

நிறுத்துவதைவிட ஆபத்து, யாருக்கும் தெரியாமல் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை வாங்கிப் போடுவது. நெஞ்சுவலிக்காக ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட் மாத்திரை எழுதப்பட்டவர்கள் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப் போட்டபிறகு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், கூட யார் நின்றாலும், அதைப் போட்டதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.